வாத்தியத்துக்கு ஆண் பெண் உண்டோ?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

நான் பேச்சாளன் அல்லேன். மெட்ரிக் தேறியபின் இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, பதிவேடுகளோடு இருபதாண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவன். சங்கீத ஞானமும் எனக்குக் குறைவு. எனினும் நம் குழந்தைகளின் பாண்டு வாத்தியக் குழுவைப் பற்றி நான்தான் பேச வேண்டும் என்று செயலாளர் கட்டளையிட்டார். அதற்குக் காரணம் உண்டு. அக்குழுவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்ததில் பிழை செய்தவர்களுள் நானும் ஒருவன். பிழை செய்தவன் வாயாலேயே அது வெளிவருவது முறையென்று அவர் கருதியிருக்கலாம். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நாம் வாழும் இவ்வூரின் பிறப்பை நீங்கள் அறிவீர்கள். போர்க்காலத்தில் கல்யாண் இராணுவ முகாமாக இருந்த இடத்தில், பிரிவினையால் வீடிழந்து வந்த சிந்தி மக்கள் குடியமர்த்தப்பட்டார்கள். 1949 ஆகஸ்டு 8-ஆம் நாள், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி அவர்களே இங்கு வந்து உல்லாஸ்நகர் என்னும் நகருக்குத் தொடக்கம் செய்து வைத்தார். வந்தவர்கள் கையில் பொருளில்லை, உழைப்பு இருந்தது. பின்னர் நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் நம் பெரியோர்கள் மும்பையை நாடி வந்தபோதும் நிலைமை அதுவே. மனுவில் எழுதிய பெயரைப் பார்த்த மாத்திரத்தில் ‘மதராஸி’ என்று ஒதுக்கப்பட்ட கதைகளை நம் தந்தையர் சொல்லக் கேட்டிருக்கிறோம். செய்யும் வேலையைப் பாராமல் ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பது எவ்வளவு கசப்பானது என்பதை நமக்கு ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாமே அதைச் செய்தோம் என்பதுதான் நான் சொல்லப்போகும் செய்தி.

நடந்ததைக் கூறுகிறேன். பொங்கல் ஊர்வலத்தில் நம் பிள்ளைகளே பாண்டு வாசித்துச் செல்ல வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானித்தோம். அன்பர் ஒருவரின் உதவியால் பெரிய டிரம் ஒன்றும், சிறு டிரம் ஐந்தும், டிரம்பெட் இரண்டும், புல்லாங்குழல் ஆறும், சிங்கி இரண்டு ஜோடியும் கிடைத்தன. இவற்றோடு கொடி பிடிக்க நால்வர் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு பிள்ளைகள் வந்தனர். பதினேழு ஆண்கள், பதினான்கு பெண்கள். தேர்வுக்கு மூவர் அமர்ந்தோம். இராணுவப் பாண்டில் வாசித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பள்ளி ஆசிரியையான அம்மையார் ஒருவர். பேரேடு எழுத நான்.

மாலையில் பட்டியல் தயாராயிற்று. டிரம் ஆறும் டிரம்பெட் இரண்டும் ஆண் பிள்ளைகளுக்கு. புல்லாங்குழலும் சிங்கியும் கொடியும் பெண் பிள்ளைகளுக்கு. நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டு இவ்வாறு செய்தோமில்லை. பட்டியல் தானாகவே அப்படி அமைந்துவிட்டதாக நினைத்தோம். அதைப் படித்துப் பார்த்தபோது மூவரில் ஒருவருக்கும் அது விந்தையாகத் தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலை நான் வேலைக்குப் புறப்பட்டு நிலையத்தை அடைந்தேன். அங்கு இட்லி விற்கும் நம் சகோதரி ஒருத்தியின் மகள், ஏழாம் வகுப்பில் படிப்பவள், தாயாருக்கு உதவியாக இட்லிப் பாத்திரத்தைச் சுமந்து நின்றாள். அவள் டிரம் வாசிக்க விரும்பி வந்தவள். கொடி பிடிக்கும் வரிசையில் அவள் பெயரை எழுதியிருந்தேன். என்னைக் கண்டதும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, “மாமா, நான் எந்த இடத்தில் தாளம் தப்பினேன் என்று சொல்லுங்கள், திருத்திக் கொள்கிறேன்” என்றாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை, அழவுமில்லை. பாடத்தில் ஐயம் கேட்பது போலவே கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. “மாலையில் பார்த்துச் சொல்கிறேன், அம்மா” என்று கூறி வண்டி ஏறினேன்.

குமாஸ்தா வேலையில் ஒரு நன்மை உண்டு. எழுதிய காகிதத்தைக் கிழித்தெறியும் பழக்கம் இராது. அன்றிரவு என் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு எதிரே தாளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “சிறிய உடம்பு, டிரம் தூக்கமாட்டாள்” என்று எழுதியிருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு இட்லிப் பாத்திரம் சுமக்கும் பெண்ணைப் பற்றி எழுதிய வாக்கியம் அது! அவளைவிட உயரத்திலும் பருமனிலும் குறைந்த பையன் ஒருவனுக்கு எதிரே, “தாளம் சற்று ஓடுகிறது, பழகினால் சரியாகிவிடும்” என்று எழுதி டிரம் கொடுத்திருந்தேன். மேலும் பார்த்தேன். ஆண் பிள்ளைகள் பலருக்கு “பழகினால் வருவான்” என்ற குறிப்பு. பெண் பிள்ளைகளுக்கு “அடக்கமானவள்”, “பார்வைக்கு நன்றாயிருக்கும்” என்ற குறிப்பு. ஒரு பையன் புல்லாங்குழல் வேண்டுமென்று கேட்டிருந்தான். அவனுக்கு நேரே “டிரம் கொடுக்கலாம்” என்று என் கையெழுத்தே கிடந்தது. ஆசிரியை அம்மையாரின் தாளும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஆகையால் இது ஆடவர் மட்டும் செய்யும் பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

தாளத்தைக் காதால் கேட்பதாக எண்ணிக்கொண்டு நாங்கள் கண்ணால் தேர்ந்தெடுத்திருக்கிறோம். வஞ்ச நெஞ்சம் இல்லாமலேயே அநீதி செய்ய முடியும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இது நம் ஒருவர்பால் மட்டும் உள்ள குறையன்று. அமெரிக்க நாட்டில் ஆபெலஸ், போர்ட்டர் என்னும் ஆய்வாளர் இருவர் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புல்லாங்குழல், வயலின், கிளாரினெட் ஆகியவை பெண்களுக்கு உரியவை என்றும், டிரம், டிராம்போன், டிரம்பெட் ஆகியவை ஆண்களுக்கு உரியவை என்றும் அங்கு மக்கள் எண்ணியது அதில் தெரியவந்தது. இங்கு ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் புல்லாங்குழல் யாருடைய கருவி? கண்ணபிரானுடையது. மாலி என்று நாம் அன்போடு அழைக்கும் டி. ஆர். மகாலிங்கம் அதில் பெரும்புகழ் எய்தினார். சிக்கில் சகோதரிகளான குஞ்சுமணியும் நீலாவும் அதே குழலில் புகழ் பெற்றார்கள். வீணை கலைமகள் கையில் இருப்பது. ஆயினும் காரைக்குடி சகோதரர்களும் எஸ். பாலசந்தரும் அதை வாசித்ததை யாரும் குறை சொல்லவில்லை. ஒரு நாட்டில் பெண்ணுக்குரியது என்ற கருவி மற்றொரு நாட்டில் ஆணுக்குரியதாகிறது என்றால், அந்த முத்திரை மூங்கிலிலும் இல்லை, மூச்சிலும் இல்லை. பார்ப்பவர் பழக்கத்தில்தான் இருக்கிறது.

தோற்கருவிகளின் கதையும் இதுவே. 1910-இல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையவர்களிடம் மிருதங்கம் பயின்று மேடையேறினார். மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால், விக்கு விநாயக்ராமின் தந்தையாரான ஹரிஹர சர்மாவிடம் கடம் பயின்றார். பெண்ணின் விரலுக்குக் கடம் ஏற்காது என்ற ஐயம் தொடக்கத்தில் எழுந்தது. கற்றுத் தந்த குரு அந்த ஐயத்தைப் பொருட்படுத்தவில்லை. அவர் தேர்ந்த வித்துவானான பின்னரும், பெண்ணுடன் வாசிக்கமாட்டோம் என்று கூறியவர்கள் உண்டு. நாகஸ்வரத்துக்கு மூச்சு வலிமை வேண்டும், அது பெண்ணால் ஆகாது என்பார்கள். 2012-இல் மறைந்த மதுரை எம். எஸ். பொன்னுத்தாயி அம்மையார் அதை ஊதியே விடை சொன்னார். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பெண்ணுக்கு ஆகாது என்று விலக்கியதோடு, பிறப்பின் பெயராலும் இழிவு செய்தார்கள். இன்று திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதனைப் பெருமையோடு முழக்குகிறார்கள். 2024-ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பைத் தில்லியில் தொடங்கி வைத்தவர்கள், சங்கும் நாகஸ்வரமும் நகாராவும் முழக்கி வந்த நூற்றுக்கு மேற்பட்ட பெண் கலைஞர்களே.

இனி, பிழையை உணர்ந்தபின் என்ன செய்வது என்ற கேள்வி. “இனிமேல் நடுநிலையோடு இருப்போம்” என்று உறுதி சொல்வது எளிது. நாங்கள் முன்பும் நடுநிலையோடுதான் இருப்பதாக நினைத்தோம்! ஆகவே மனவுறுதி மட்டும் போதாது. ஒரு முறை வேண்டும்.

அம்முறை நமக்குப் புதிதன்று. நம் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவர் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார். திருத்துபவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகவா பெயரை மறைக்கிறார்கள்? இல்லை. நல்லவர்களையும் பெயர் இழுத்துச் செல்லும் என்பதற்காகவே. இசைத் தேர்வில் விடைத்தாளை மறைப்பது போல் வாசிப்பவரை மறைக்க வேண்டும், அவ்வளவே. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறுகிறார். நமக்கு ஒரு திரை போதும்.

மேல்நாட்டு வாத்தியக் குழுக்களில் பாஸ்டன் குழு 1952-இலேயே திரைக்குப் பின்னால் தேர்வு நடத்தியது. 1970-க்குப் பின் அமெரிக்காவின் பிற பெரிய குழுக்களிலும் அவ்வழக்கம் பரவிற்று. குதிகால் செருப்பின் ஒலி பெண்ணென்று காட்டிக் கொடுக்கும் என்பதால் தரைவிரிப்பும் விரித்தார்கள். அங்குள்ள முதன்மையான ஐந்து குழுக்களில் 1970-இல் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 1990-களின் பிற்பகுதியில் நூற்றுக்கு 25 அளவாயினர். இவ்வளர்ச்சியில் திரைக்கும் பங்குண்டு என்று கிளாடியா கோல்டினும் சிசீலியா ரௌஸும் 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள். கோல்டின் அம்மையார் 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். திரையின் பங்கு எவ்வளவு என்ற கணக்கில் பின்வந்தோர் சிலர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனினும் காது கேட்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கு வேலை இல்லை என்ற நியாயம் எந்தக் கணக்காலும் மாறாது.

திரையின் ஆற்றலையும் குறையையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்தது. 1980-இல் அங்குள்ள பில்ஹார்மோனிக் குழுவுக்கு டிராம்போன் வாசிப்பவரைத் தேர்ந்தெடுக்க முப்பத்து மூன்று பேர் திரைக்குப் பின்னால் வாசித்தனர். பதினாறாம் எண்ணுக்குரியவர் வாசித்ததும், இவரே வேண்டும் என்று தேர்வாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வெளியே வந்தவர் ஆபி கோனன்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி! அவருக்கு அனுப்பிய அழைப்பிலோ அவரை ஆடவராகவே எண்ணி விளித்திருந்தார்கள். வேலை கிடைத்தது. ஆனால் 1982-இல் அவரை முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாழ்த்தினார்கள். மூச்சு வலிமை உண்டென்று மருத்துவச் சோதனையால் மெய்ப்பிக்கும் நிலைக்கும் அவர் ஆளானார். 1993 வரை நீதிமன்றத்தில் போராடியே தம் இடத்தையும் உரிய ஊதியத்தையும் முழுமையாகப் பெற்றார். திரை வாயிலைத் திறக்கும். உள்ளே வீற்றிருப்பவர் மனத்தைத் திறக்கும் பொறுப்பு நம்முடையது.

நம் கதைக்கு வருகிறேன். செயலாளரிடம் என் குறிப்புத் தாளைக் காட்டினேன். பட்டியலைப் படித்துவிட்டோமே, பெற்றோர் மனம் புண்படுமே என்று சிலர் தயங்கினார்கள், அத்தயக்கமும் நியாயமானதே. ஆயினும் அடுத்த ஞாயிறன்று டிரம்முக்கு மறுதேர்வு வைத்தோம். நாடக மேடையின் நீலப் படுதாவைக் குறுக்கே கட்டினோம். பிள்ளைகளுக்குச் சீட்டில் எண் கொடுத்தோம். செருப்பு, கொலுசு, வளையல் யாவற்றையும் கழற்றச் சொன்னோம். முதற்பிள்ளையே “ஆரம்பிக்கட்டுமா மாமா?” என்று குரல் கொடுத்துத் தன்னைக் காட்டிவிட்டது! பேச்சு கூடாது என்ற விதியையும் சேர்த்து, அப்பிள்ளைக்குக் கடைசியில் வேறு எண் கொடுத்தோம்.

டிரம் ஆறில் நான்கு ஆண் பிள்ளைகளுக்கும், இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கிடைத்தன. அவ்விரு பெண்களையும் முதற்பட்டியலில் சிங்கிக்கு எழுதியிருந்தோம். நிலையத்தில் என்னைக் கேட்டவள் ஏழாவதாக வந்தாள். ஒரே மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்தாள். அவளிடம் தாளைக் காட்டினேன். “விரைவு நடையில் மூன்றாம் ஆவர்த்தத்தில் ஓடிவிட்டேன் மாமா, இப்போது தெரிகிறது” என்றாள். இப்போது எண்ணெய் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் பயில்வதாக அவள் தாயார் சொல்லிக் குறைபட்டுக்கொள்கிறார். தோற்றதற்கு உரிய காரணத்தை அறிவதும் ஒரு பிள்ளையின் உரிமை. முதல் ஞாயிறன்று அவளுக்கு நாங்கள் மறுத்தது அதையே.

இடமிழந்த பையன்கள் இருவரில் ஒருவனின் தந்தையார், என் மதிப்பிற்குரிய அண்ணாச்சி, இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு என்மேல் மனவருத்தம் உண்டு. அண்ணாச்சி அவர்களே! உங்கள் மகனுக்குக் கொடுத்ததைப் பறித்தோம் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அந்தப் பிழை என்னுடையது, பையனுடையது அன்று. முன்னரே முறையாகச் செய்திருந்தால் அவனுக்கு இந்த ஏமாற்றம் நேர்ந்திராது. அடுத்த தேர்வில் அவன் வென்றால், ஆண் பிள்ளை என்பதற்காகக் கொடுத்தார்கள் என்று எவரும் வாய் திறக்க முடியாது. அந்தக் கௌரவத்தையும் திரை அவனுக்கு அளிக்கும்.

இனி நம் சங்கம் கைக்கொள்ள வேண்டியவை என்று நான் பணிவோடு முன்வைப்பவை இவை. முதலாவது, தேர்வுக்கு முன் ஒரு மாதம், வந்த பிள்ளைகள் எல்லோரும் எல்லாக் கருவிகளையும் முறைவைத்துத் தொட்டுப் பழக வேண்டும். கையில் கோலே கொடுக்காத பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிறுத்தித் தேர்வு வைத்தால், திரையும் அநீதிக்குத் துணை போகும். டிரம்பெட் தேர்வை நாம் தள்ளி வைத்திருப்பதும் இதனால்தான். ஊதிப் பழகிய பிள்ளை எவரும் நம்மிடம் இல்லை. இரண்டாவது, எக்கருவி வேண்டும் என்பதைப் பெரியவர்கள் வாய் திறப்பதற்கு முன்னரே பிள்ளை தன் கையால் எழுதித் தரவேண்டும். குழல் கேட்கும் பையனையும் எவரும் நகைக்கலாகாது. மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே நடை, ஒரே கால அளவு. நான்காவது, தாளம், தெளிவு, பிறரோடு ஒத்து வாசித்தல் என்று தனித்தனியே மதிப்பெண் இட்டு, திரையை விலக்குமுன் கூட்டித் தொகையைக் கையொப்பத்தோடு மூட வேண்டும். தேர்வாளர் மூவரும் அதுவரை தம்முள் பேசலாகாது. ஐந்தாவது, கருவியைச் சுமந்து அணிவகுத்து நடக்கும் ஆற்றலைத் திரைக்குப் பின்னால் அறிய இயலாது. ஆகையால் அதனைத் தனியே வைத்து, இருபாலருக்கும் ஒரே டிரம்மைக் கொடுத்து, ஒரே தூரம் நடக்கச் செய்து பார்க்க வேண்டும். வாரின் நீளத்தை அவரவர் உடம்புக்குத் தக்கபடி திருத்திக் கொடுக்க வேண்டும். ஆறாவது, மதிப்பெண் தாளைப் பாதுகாத்து, கேட்கும் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு எட்டு மணிக்குப் பயிற்சி வைத்தால் பெண் பிள்ளைகளை அனுப்பமாட்டீர்கள் என்பதை அறிவேன். அதில் உங்களைக் குறை கூறேன். பயிற்சியை ஞாயிறு காலைக்கு மாற்றுவோம். தாய்மார் இருவர் முறைவைத்து உடனிருக்கட்டும். ஆனால் காலையில் குழாயடித் தண்ணீருக்குப் பெண்ணை நிறுத்திவிட்டுப் பையனை மட்டும் பயிற்சிக்கு அனுப்பினால், எந்தத் திரையாலும் அவளுக்கு நியாயம் வழங்க முடியாது. தண்ணீர்க் குடம் தம்பி கையிலும் ஏறட்டும்.

நான் பணிபுரியும் இரயில்வேயிலிருந்து ஒரு சான்று கூறி முடிக்கிறேன். இஞ்சின் ஓட்டுவது ஆண்களின் வேலை என்று எல்லோரும் எண்ணிய காலத்தில், சதாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் அம்மையார் 1989-இல் உதவி ஓட்டுநராகப் பணியேற்றார். நம் பக்கத்து ஊரான கல்யாண் பயிற்சி மையத்தில் பிறருக்குக் கற்பித்தார். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் வண்டியை ஓட்டி வந்தார். 2025-இல் ஓய்வு பெற்றார். நம்மவர் நிறைந்த மாட்டுங்கா நிலையத்தில் 2017 ஜூலையில் பணிகள் முழுவதையும் பெண்களிடமே ஒப்படைத்தார்கள். வண்டி நேரத்துக்கு வருகிறதா என்றுதான் பயணிகள் பார்த்தார்களே ஒழிய, கொடி அசைக்கும் கை யாருடையது என்று பார்த்து எவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

நம் சங்கத்து நீலப் படுதாவை அடுத்த தேர்வு வரை பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன். அதைக் கட்டுவதற்கு முன்வரும் கைகள் பலவாக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!